குலுங்க வேண்டிய மூட்டு

வழங்கிவரும் கதை ஒன்று பாதியாய் வழங்குவதால் இக்குறிப்பை எழுதுகிறேன். மும்பை மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் பழைய கடைசல் தொழிலாளர் இருவர் கூடினால், தாராவிப் பட்டறைக்காரர் ஒருவர் கழிக்கரையில் பெரிய மனிதர்கள் முன்னிலையில் தலைகுனிந்து நின்ற கதை இன்றும் சிரிப்போடு சொல்லப்படுகிறது. சென்ற மழைக்காலத்தில், ஐரோலித் தொழிற்சாலைகளில் பணிபுரியும் நம் இளைஞர் சிலர் என்னைக் காண வந்தனர். அவர்களும் அக்கதையைக் கேட்டிருந்தனர். எதன்பொருட்டு அவர் அப்படி நின்றார் என்பதை மட்டும் அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அவ்வேளையில் அவருக்கு ஓரிரு முழம் தள்ளி நின்றவன் நான். காரணத்தை விட்டு நிகழ்ச்சியை மட்டும் சொல்லிச் சிரிப்பது அவருக்கு இழைக்கும் அநீதி. இத்தொழிலுக்கு வரும் உங்களுக்கும் அதனால் இழப்பு.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. தம் பெயர் அச்சில் வருவதை அவர் விரும்பியதில்லை. ஆகவே தாராவியில் எல்லாரும் அழைத்தபடி 'காக்கா' என்றே குறிப்பிடுகிறேன். திருநெல்வேலிக் கடற்கரை முஸ்லிம்கள் தமையனை அழைக்கும் சொல் அது. என்னைவிட நான்கைந்து வயதே மூத்தவர். பட்டறை அவருடையது, கடைசல் பொறியின் முன் நிற்பவன் நான். ஓய்வு நேரத்தில் நான் இலக்கணம் பயின்றுகொண்டிருந்தமையால், வேலை செவ்வையாக அமைந்தால் என்னைத் 'தம்பி' என்றும், பிசகினால் 'புலவரே' என்றும் அழைப்பார். புலவர் பட்டத்தை நான் அடிக்கடி பெற்றேன்.

எங்களிடம் வந்தவை பெரும்பாலும் நெசவாலைகளின் தறி உறுப்புகள். தறி ஓடும் வேகத்தில், துளைக்கும் அதனுள் திரும்பும் முளைக்கும் நடுவே மயிரிழை இடைவெளி கூடினாலும் உறுப்பு விரைவில் உடைந்துவிடும். அதனால் எங்கள் சந்தில் ஒரு வழக்கம் இருந்தது. பொருத்தி முடித்த உறுப்பைக் காதருகே வைத்துக் குலுக்குவோம். ஓசை எழுந்தால் அது பட்டறையை விட்டு வெளியேறாது. பக்கத்துப் பட்டறைக்காரர்களும் தேநீர் குடிக்க வந்த சாக்கில் கைக்கு எட்டியதை எடுத்துக் குலுக்குவார்கள். 'கிலுக்' என்று ஒலித்துவிட்டால் அன்று முழுவதும் கேலிதான். அளவுகோலைவிடக் காதையே நாங்கள் நம்பினோம் என்றால் மிகையாகாது.

ஒரு மே மாத முற்பகலில் டாக்சி ஒன்று பட்டறை வாயிலில் வந்து நின்றது. அதன் இருபுறச் சன்னல்கள் வழியாகவும் மரப்பலகைகள் நீட்டிக்கொண்டிருந்தன. இடக்காலில் இரும்புத் தாங்கியும் கையில் ஊன்றுகோலுமாக ஒரு பெண்மணி இறங்கினார். முப்பதை எட்டாத வயது. மாட்டுங்காப் பள்ளி ஒன்றில் கணித ஆசிரியை என்பதை எங்கள் சந்தில் யாவரும் அறிவர். காக்கா முன்சென்று பலகைகளை வாங்கிக்கொண்டார்.

"என்ன டீச்சர், கோயில் கதவா?"

"சுக்கான், மேஸ்திரி. படகோடது."

"படகு எங்க?"

"செம்பூர்ல இருக்கு. டாக்சியிலே ஏற மாட்டேன்னுடுத்து."

காக்கா சிரித்துவிட்டார். அவரை முதற்பேச்சிலேயே சிரிக்கவைத்த வாடிக்கையாளர் அதற்குமுன் யாருமில்லை.

அந்தப் படகைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். ஒல்லியான இரண்டு படகுடல்களைக் குறுக்குச் சட்டங்களால் இணைத்து, நடுவே கெட்டித் துணியை இழுத்துக் கட்டி, மேலே ஒற்றைப் பாய்மரம் நாட்டியிருந்த சிறு படகு அது. மரங்களைச் சேர்த்துக் கட்டி நம் மீனவர் செல்லும் கட்டுமரத்திலிருந்து வேறுபட்டது. செம்பூர்ப் பக்கத்து ஆலையில் பணிபுரிந்த அயல்நாட்டுப் பொறியாளர் ஒருவர் தாமே கட்டிப் பல்லாண்டு ஓட்டியது. அவர் நாடு திரும்பும்போது ஆசிரியையின் தமையனுக்கு அதை அளித்துச் சென்றார். தமையனுக்குக் கல்கத்தாவில் வேலை கிடைத்தபின் படகு ஆசிரியையிடம் வந்தது. செம்பூருக்கு அப்பால் கழிக்கரையில் இருந்த சிறிய பாய்ப்படகுக் கழகம் ஒன்றின் கொட்டகையில் அதை நிறுத்தியிருந்தார்.

ஒற்றை உடல் கொண்ட பாய்ப்படகு காற்றில் சாயும். சாயுந்தோறும் ஓட்டுபவர் ஒருபுறமிருந்து மறுபுறம் தாவ வேண்டும். கால்களைப் பட்டையில் மாட்டி உடலை வெளியே வளைக்க வேண்டும். ஆசிரியைக்கு அது இயலாது. இரட்டைப் படகோ அகலக் கால்பரப்பித் தட்டையாய் ஓடும். அமர்ந்த இடத்திலிருந்தே அதைச் செலுத்தலாம். மும்பையில் அவர் செலுத்தக்கூடிய பாய்ப்படகு அது ஒன்றுதான்.

"தரையிலேதான் மேஸ்திரி நான் மெதுவா நடக்கறவ," என்றார். "தண்ணியிலே எல்லாரும் உட்கார்ந்துண்டுதானே போறா."

அவருக்கு வந்திருந்த இடர் இது. கழகத்தின் படகு அலுவலர் ஓய்வுபெற்ற மாலுமி, கண்டிப்பானவர். சுக்கான் முழுவதும் விழப்போகும் பல்லைப்போல் ஆடுகிறதென்றும், பருவமழைக்கு முந்திய சோதனையோட்டத்தில் தேறாவிட்டால் கொட்டகையில் இடமில்லை என்றும் கூறிவிட்டார். ஒட்டுப்பலகையால் செய்த பழைய படகு திறந்த வெளியில் ஒரு மழைக்காலத்தைத் தாங்காது. ஆசிரியையின் வீடோ மூன்றாம் மாடியில் இரண்டு அறைகள். கொட்டகை போனால் படகு போயிற்று. படகு போனால் அவருக்குக் கடலும் போயிற்று. இதையெல்லாம் அவர் குரலை உயர்த்தாமல், கணக்கின் படிகளைச் சொல்வதுபோல் சொன்னார். முடிவில், "ஆட்டம் எங்கெங்கே இருக்கோ அத்தனையும் எடுத்துடுங்கோ. ஒண்ணுகூட ஆடப்படாது," என்றார்.

எங்களிடம் அப்படிச் சொல்லவும் வேண்டுமா?

ஒவ்வொரு படகுடலின் பின்பலகையிலும் ஒரு சுக்கான், கதவு குடுமியில் திரும்புவதுபோல், இரண்டு முளைகளில் தொங்கித் திரும்பும். அம்முளைகள் ஒருபக்கம் தேய்ந்து கத்திவிளிம்பாய்ப் பளபளத்தன. அவற்றைத் தாங்கும் வளையங்களும் நீள்வட்டமாகியிருந்தன. ஐயத்துக்கு இடமில்லாத தேய்மானம். இரண்டு சுக்கான் பிடிகளையும் ஒரு நீண்ட குறுக்குக் கோல் இணைத்தது. ஒன்றைத் திருப்பினால் மற்றதும் உடன் திரும்பும். கோலின் இரு முனைகளிலும் துளைகள். அவற்றின் வழியே ஆணிகள் பிடிகளில் இறங்கின. அத்துளைகளும் ஆணியைவிட நன்றாகப் பெருத்துத் தொளதொளவென்று இருந்தன.

கப்பல் உடைக்குமிடத்திலிருந்து வந்த துருவேறாத எஃகுத் தண்டில் புதிய முளைகளைக் கடைந்தேன். வளையங்களை நேராகத் துளைத்து, புஷ் எனப்படும் பித்தளை உட்குழல் இட்டேன். குறுக்குக் கோலின் இரு மூட்டுகளையும் காக்கா தாமே எடுத்துக்கொண்டார். ரீமரால் மரத்துளையைச் சீராக்கி, பித்தளைப் புஷ்ஷை இறுக்கி, ஆணி வழுக்கிக்கொண்டு இறங்குமாறு பொருத்தினார். காதில் வைத்துக் குலுக்கினார். சந்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து குலுக்கினார்கள். எதிர்ப்பட்டறை வெல்டர், "ஊமையாக்கிட்டியரே காக்கா," என்றார். எங்கள் சந்தில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

கொட்டகையில் மரத்தாங்கிகள்மேல் சமமாய் நின்ற படகில் எல்லாவற்றையும் பூட்டினோம். ஆசிரியை சுண்டுவிரலால் குறுக்குக் கோலைத் தள்ளினார். இரண்டு சுக்கான்களும் ஓசையின்றி ஒருங்கே திரும்பின. மறுபடியும் தள்ளினார். விளையாட்டுப் பொருள் கிடைத்த குழந்தையின் முகம் அவருக்கு வந்துவிட்டது. அலுவலரும் பலகைகளைப் பற்றி உலுக்கிப் பார்த்துத் தலையசைத்தார். அன்று பிற்பகலே சோதனையோட்டம் என்று முடிவாயிற்று.

படகில் இருவர் இருக்க வேண்டும் என்பது கழக விதி. ஆசிரியையின் வழக்கமான துணைவர் அன்று வரவில்லை. காக்கா என்னைப் பார்த்தார். எனக்கு நீச்சல் தெரியாது என்பதை அவர் அறிவார். "இலக்கணம் மெதக்கும் வே. ஏறும்," என்றார். மிதவைச் சட்டை ஒன்றை எனக்குக் கட்டிவிட்டார்கள். துணித் தளத்தின் நடுவே, அகப்பட்ட கயிற்றையெல்லாம் பிடித்துக்கொண்டு அமர்ந்தேன்.

கரையோரத்து அமைதியான நீரில் படகு அழகாக ஓடியது. வலப்புறம் திருப்பினார், திரும்பியது. இடப்புறம் திருப்பினார், திரும்பியது. படித்துறையில் காக்காவின் வெள்ளைத் தொப்பியும், அலுவலரின் கையில் தொலைநோக்கியும் தெரிந்தன. கரை வளைவைக் கடந்ததும் தடையற்ற காற்று பாயில் நிறைந்தது. காற்றுப்பக்கத்து உடல் சற்றே தூக்கிக்கொண்டது, மற்றது அழுந்தியது. படகு சீறிக்கொண்டு விரைந்தது. எதிரே, வடியும் நீரோட்டத்தின் குறுக்கே, மணல் ஏற்றிய பெருந்தோணி ஒன்று பாய்விரித்து மெல்ல வந்துகொண்டிருந்தது. விளிம்புவரை நீரில் அமிழ்ந்த அத்தகைய தோணியால் நமக்காக விலக இயலாது. விலக வேண்டியவர்கள் நாங்கள்தாம்.

ஆசிரியை கோலைத் தள்ளினார். அது அசையவில்லை. இரு கைகளாலும் தள்ளினார். சிமெண்டில் புதைத்த கம்பிபோல் நின்றது.

அவர் கூவவில்லை. தோணியை ஒருமுறை பார்த்தார். சுக்கானை ஒருமுறை பார்த்தார். "புலவர், கம்பு ஜாம் ஆயிடுத்து. உங்க பக்கத்து ஆணியை உருவ முடியுமா?" என்றார்.

என் சட்டைப்பையில் இடுக்கி இருந்தது. ஆணி கழலாதபடி அதன் அடியில் செருகியிருந்த பிளவுமுளையைப் பிடுங்கி எறிந்தேன். ஆணியைப் பற்றி இழுத்தேன், வரவில்லை. முறுக்கினேன், வரவில்லை. சுத்தியல் இருந்தால் அடித்திருப்பேன்; அடித்திருந்தால் கோலே பிளந்திருக்கும். இழுக்க இழுக்கத் தோணியின் மூக்கு பெரிதாகிக்கொண்டிருந்தது. அப்போது அவர், தம் கையிலிருந்த பாய்க்கயிற்றை முற்றிலும் நழுவவிட்டார். பாய் படபடத்துத் தளர்ந்தது. தூக்கியிருந்த உடல் இறங்கிச் சமமாயிற்று. அக்கணமே ஆணி என் விரல்களுக்கு நடுவே வெண்ணெயில் இட்ட கத்திபோல் வெளியே வந்துவிட்டது.

இங்கே ஒரு கேள்வி உங்களுக்கு எழலாம். பாயைத் தளர்த்தியதும் இறுக்கம் விட்டதென்றால், ஆணியை ஏன் உருவ வேண்டும்? பாய் தளர்ந்த படகுக்கு ஓட்டமில்லை. ஓட்டமில்லாத படகு சுக்கானுக்குக் கட்டுப்படாது. நீரோட்டமோ எங்களைத் தோணியின்மீது கொண்டுசென்றது. மீண்டும் பாயை இறுக்கினால் சுக்கான் மீண்டும் பூட்டிக்கொள்ளும். ஆகவே இரு சுக்கான்களின் இணைப்பையே அறுத்தாக வேண்டும். ஆசிரியை அதனை ஒரு பார்வையில் கண்டுகொண்டார். கோல் விலகியதும் தம் பக்கத்துச் சுக்கானின் பிடியை நேரே பற்றி, மறுகையால் பாயை இழுத்தார். ஒற்றைச் சுக்கானுக்குப் பணிந்து படகு திரும்பியது. தோணியின் அடுப்பில் வெங்காயம் வதங்கும் மணம் வந்த அளவு தொலைவில் அதனைக் கடந்தோம். மேலேயிருந்து ஒருவர் மராத்தியில், உறங்கிவிட்டீர்களா என்று கேட்டார். "கொஞ்சம்," என்று ஆசிரியை மராத்தியிலேயே விடையளித்தார்.

இனி நான் சொல்ல வந்த இடம்.

படித்துறைக்கு மீண்டபோது அலுவலர் தீர்ப்பை முடித்துவைத்திருந்தார். அவர் இந்தியும் ஆங்கிலமும் கலந்து சொன்னதன் சாரம் இது: பட்டறைக்காரர்கள் வேலையைச் செம்மையாகவே செய்திருக்கிறார்கள், பழுது படகில்தான், மரம் தளர்ந்து இரண்டு உடல்களும் ஒன்றுக்கொன்று முறுக்கிக்கொள்கின்றன, இனி இதை நீரில் விடுவது தற்கொலை. சுற்றியிருந்த உறுப்பினர்கள் ஆமோதித்தனர். அவர்களுள் எங்களுக்குத் தொடர்ந்து வேலையளிக்கும் நெசவாலையின் மேலாளரும் ஒருவர். ஆசிரியை ஈரத் துணித்தளத்தில் அமர்ந்தபடியே பாயை மடிக்கத் தொடங்கினார். மடிப்பு சீராக வரவில்லை. பிரித்து மறுபடியும் மடித்தார்.

காக்கா என்னிடம் தாழ்ந்த குரலில் என்ன நடந்ததென்று கேட்டார். பாய் இழுத்தபோது இறுகியதையும், பாயை விட்டதும் ஆணி தானே நழுவியதையும் சொன்னேன். அவர் கோலின் முனையைத் தூக்கித் தாமிட்ட பித்தளையை நெடுநேரம் பார்த்தார். வாளாவிருந்திருக்கலாம். அலுவலர் எங்களைப் பழிக்கவில்லை, பாராட்டியிருந்தார். எங்கள் சோறு எவர் கையில் இருந்ததோ, அவரும் அப்பாராட்டைக் கேட்டு நின்றார். காக்கா தொப்பியைச் சரிசெய்துகொண்டு அலுவலரின் முன் சென்று நின்றார்.

"சாப், போட் மே கராபி நஹி ஹை. மேரா காம் மே ஹை," என்றார். படகில் பழுதில்லை, என் வேலையில்தான் பழுது என்பது பொருள்.

பின்னர் ஆசிரியைதான் தலைநிமிர்ந்து, அந்தத் துளை முன்பு எப்படி இருந்தது என்று கேட்டார். காக்கா அவர் பக்கம் திரும்பினார். அப்போதுதான் அவர் தலை குனிந்தது. லேபர் கேம்ப்பில் சிரித்துச் சொல்லப்படும் தலைகுனிவு அதுதான்.

"பெருசா இருந்துச்சு டீச்சர். ரீமர் வச்சப்ப உள்ளேருந்து வார்னிஷ் உதுந்துச்சு. நான் பாத்தேன். தேஞ்ச ஓட்டையில வார்னிஷ் நிக்காது. கட்டுன மனுசன் வேணும்னே பெருசா வெட்டி, வார்னிஷும் அடிச்சு வச்சிருக்காரு. பாத்துட்டும் நான் கைய நிறுத்தல."

இளந் தோழர்களே, அச்சொற்களை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். அவர் குறையைத் தம் அறியாமைமேல் சுமத்தியிருக்கலாம். படகு எங்களுக்குப் புதிது, அறியாமை மன்னிக்கத்தக்கது. ஆடக் கூடாது என்று கேட்டவர் ஆசிரியை. ஆட்டத்தைக் குறையென்று சொன்னவர் அலுவலர். அவர்கள்மீதும் பங்கு வைத்திருக்கலாம். கண் கண்டது, கை நிற்கவில்லை என்று மட்டுமே அவர் சொன்னார். அதைச் சொன்னதால்தான் பழுதின் காரணம் முழுவதும் வெளிப்பட்டது. இரண்டு உடல்களும் அலையிலும் காற்றிலும் தனித்தனியே எழுந்து தாழ்வது அப்படகின் இயல்பு. ஒன்று எழ ஒன்று தாழக் குறுக்குக் கோல் சாயும். சாய்வதற்குத் துளையில் இடம் வேண்டும். அந்த இடத்தைத்தான் நாங்கள் பித்தளையிட்டு அடைத்துவிட்டோம். கொட்டகையில் படகு சமமாக நின்றதால் எங்கள் வேலை அங்கே குற்றமற்றதாய்த் தோன்றிற்று. சுமை ஏறாத இடத்தில் செய்யும் சோதனை பாதிச் சோதனையே.

அலுவலர் எளிதில் இளகுபவர் அல்லர். ஒருமுறை தவறிய கை மறுமுறை தவறாது என்பதற்கு என்ன உறுதி என்று கேட்டார். அக்கேள்வி நேர்மையானது. காக்கா படகைச் சரிவில் ஏற்றி, ஆணியை மீண்டும் பூட்டி, ஓர் உடலின் முனையின்கீழ் மட்டும் கட்டை கொடுத்துத் தூக்கச் செய்தார். அலுவலரைக் கோலைத் தள்ளச் சொன்னார். அது அசையவில்லை. பிறகு ஆணியை உருவிவிட்டு, தம் பையிலிருந்த மெல்லிய திருகாணி ஒன்றை அத்துளையில் இட்டார். மறுமுனையிலும் அவ்வாறே செய்தார். கட்டை அப்படியே இருந்தது. "அபி தேக்கோ, சாப்," இப்போது பாருங்கள், என்றார். அலுவலர் தள்ளினார். சுக்கான்கள் கடகடவென்று ஒலித்துக்கொண்டு, தடையின்றித் திரும்பின. அவர் குனிந்து நின்று மறுபடியும் மறுபடியும் தள்ளிப் பார்த்தார். கடைசிச் சோதனை நாள்வரை தவணை கொடுத்தார்.

கோலோடு தாராவிக்குத் திரும்பினோம். ஊமையென்று புகழப்பட்ட மூட்டைக் காக்கா தாமே பிரித்தார். பித்தளையை வெளியேற்றி, துளையை இருவாயும் அகன்று நடு ஒடுங்கியதாய் உடுக்கைபோல் குடைந்து, லாரிச் சக்கரத்தின் பழைய டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் வட்டங்களைக் கோல்முனையின் மேலும் கீழும் இட்டார். சுக்கான் முளைகளில் நாங்கள் செய்த இறுக்கத்தை அப்படியே விட்டார். அங்கே இருந்தது மெய்யான தேய்மானம். இரண்டையும் பிரித்தறிவதுதான் அன்றைய வேலையின் உயிர். தேய்மானம் ஒருபக்கம் சாய்ந்து பளபளக்கும். விளிம்பில் பிசிறு தள்ளியிருக்கும். செய்தவன் வேண்டியே விட்ட இடம் எப்பக்கமும் ஒத்திருக்கும். அதனுள் பழைய பூச்சும் அழுக்கும் கலையாமல் இருக்கும். ஓர் உறுப்பு ஆடினால், ஆடுவது அதன் நோயா தொழிலா என்று கேட்ட பின்னரே கருவியைக் கையில் எடுங்கள்.

எதிர்ப்பட்டறை வெல்டர் வழக்கம்போல் வந்து கோலை எடுத்துக் குலுக்கினார். பட்டறை முழுதும் கேட்டது.

"என்ன காக்கா, கிலுகிலுப்பையா செய்யுதிய? யாருக்குத் தொட்டில்?"

காக்கா கோலை வாங்கித் தம் காதருகே வைத்து, இன்னும் உரக்கக் குலுக்கினார். "நல்லா கேக்குதுல்லா? கேக்கணும் வே," என்றார். வெல்டர் அதைச் சந்து முழுதும் சொல்லித் திரிந்தார். கேலி பல நாள் ஓயவில்லை. ஆலையிலிருந்தும் சில வாரங்கள் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒருநாள் மேலாளர் தறி உறுப்பொன்றை அனுப்பினார். இதில் எது ஆட வேண்டும், எது ஆடக் கூடாது என்று காக்கா பார்த்துச் சொன்னபின் வேலையைத் தொடங்கலாம் என்று கொண்டுவந்தவரிடம் சொல்லிவிட்டிருந்தார். அதற்குமுன் எங்களிடம் அவர் எதையும் கேட்டதில்லை. அளவை மட்டும் சொல்லி அனுப்புவார்.

கடைசிச் சோதனை நாளில் காற்று முன்னதைவிடக் கடுமையாக இருந்தது. மழை முகில்கள் தெற்கே திரண்டிருந்தன. அலுவலர் தள்ளிப்போடலாமா என்று ஆசிரியையைக் கேட்டார். தள்ளிப்போட வேறு நாளில்லை என்பது இருவருக்கும் தெரியும். "இந்தக் காத்துல சரியா போச்சுன்னா எந்தக் காத்துலயும் போகும்," என்றார் ஆசிரியை. நான் மிதவைச் சட்டையைத் தேடி எடுப்பதற்குள் காக்கா அதை மாட்டிக்கொண்டிருந்தார்.

"நான் செஞ்ச சாமான். நான் ஏறுதேன்," என்றார்.

"உங்களுக்கு நீச்சல் தெரியுமா, மேஸ்திரி?"

"கடக்கரையில பொறந்தவன் டீச்சர். தெரியும்னுதான் எல்லாரும் நெனக்காங்க."

ஆசிரியை வாய்விட்டுச் சிரித்தார். ஊன்றுகோலை என்னிடம் நீட்டினார். படகு புறப்பட்டது.

படித்துறையில் நின்ற எனக்கு மூட்டுகள் குலுங்கும் ஓசை நெடுந்தொலைவு கேட்டது. அத்தனை ஆண்டுப் பழக்கத்தில் அவ்வோசை எனக்குத் தோல்வியின் ஓசை. கரை வளைவைத் தாண்டினார்கள். காற்றுப்பக்கத்து உடல் நீரைவிட்டு எழுந்தது. முன்னாளில் எழுந்ததைவிட உயரமாகவே எழுந்தது. அந்த நிலையிலேயே ஆசிரியை படகை வலப்புறம் திருப்பினார். திரும்பியது. உடனே இடப்புறம் திருப்பினார். திரும்பியது. சோதனைக்கு அவ்வளவே போதும். ஆனால் படகு கரை நோக்கி வரவில்லை. கழியின் அக்கரைவரை சென்று, அங்கே ஒரு வட்டமிட்டு, பாய் வெளுத்துத் தெரிய நிதானமாக மீண்டது. அவர் அதைச் சோதனையாகச் செலுத்தவில்லை; தம் மகிழ்ச்சிக்காகவே செலுத்தினார் என்பது அத்தொலைவிலும் விளங்கியது.

அலுவலர் தொலைநோக்கியை இறக்கினார். காவலரை அழைத்து, கொட்டகையில் கூரை ஒழுகாத மூலையிலிருந்த வேறொரு படகை அப்புறப்படுத்தி இடம் செய்யுமாறு பணித்தார். முதல் மழைத்துளிகள் விழத் தொடங்கியபோது, ஆசிரியையும் காக்காவும் நனைந்தபடி கரையேறினர். குமட்டலில் முகம் வெளிறியிருந்தும் காக்கா சிரித்துக்கொண்டிருந்தார். மழைக்காலம் கழிந்ததும் ஆசிரியை மீண்டும் அப்படகை நீரில் இறக்கினார். அதன்பின் பல பருவங்கள் செலுத்தினார்.

கண்டதையும் செய்ததையும் இயன்றவரை மெய்யாக எழுதியுள்ளேன். எனினும் நான் படகோட்டி அல்லன். காற்றின் திசை, நீரோட்டத்தின் போக்கு, உறுப்புகளின் பெயர்கள் ஆகியவற்றில் பிழைகள் நேர்ந்திருக்கக் கூடும். கழிக்கரையை அறிந்தவர்கள் தயங்காமல் திருத்துங்கள். அந்த ஆசிரியை இதனைப் படிக்க நேர்ந்து, தோணியைக் கடந்த நிகழ்ச்சியை வேறு விதமாகச் சொல்வாராயின் அவர் சொல்லையே கொள்ளுங்கள். சுக்கானைப் பற்றியிருந்தவர் அவர். நான் அந்நேரத்தில் கண்களை மூடியிருந்தேனா என்பதுகூட எனக்கு உறுதியாக நினைவில்லை.